இரண்டாவது கியரில் ஒரு மூச்சு

புது ஆல்பத்தில் எட்டுப் பாடல்கள், ஏழில் ஒரு சொல் கூட இல்லை. எட்டாவதில் டிரம்ஸ்காரர் ஏதோ முனகுகிறார், அதுவும் மொழியில் சேராது. இதைப் போட்ட ராக் குழுவுக்குத் தொடக்கத்திலிருந்து வரி எழுதியவன் நான். பாட்டுக்கு வரி வேண்டுமென்றால் போன் வரும். கள்ளக்குறிச்சியில் நான் குடியிருக்கும் மாடி வீட்டுக்கு வேறு காரணத்துக்காகப் போன் வந்து நாளாகிறது.

இந்தத் தடவையும் வந்தது. கிடார் வாசிப்பவர் சென்னையிலிருந்து பேசினார். "அண்ணே, வரிய எடுத்துட்டோம். வண்டி சத்தமே போதும்னு தோணுச்சு. தப்பா எடுத்துக்காதீங்க." நல்லதுதான் என்றேன். அவர் பேச்சை முடித்த பிறகும் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

ஆல்பம் வெளியான அன்று காலையிலேயே கேட்டவர்கள் எழுதியதை வாசித்தேன். பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று ஒருவர். ஹெட்செட் போய்விட்டதென்று புதுசு வாங்கிவிட்டேன், பாவிங்களா என்று இன்னொருவர். மழையில் கேட்டு அழுதேன் என்று ஒரு பெண். எல்லாவற்றையும் கீழே வரை தள்ளிப் பார்த்தேன். வரி எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. புதுப் பாட்டைப் பென்டிரைவில் போட்டு, வெள்ளிமலை போகும் ஷேர் ஜீப்பில் ஒலிக்கவிடுவோம். மலை ஏறி முடிவதற்குள் யாராவது "வேற போடுங்க" என்றால் பாட்டு தோற்றது. முன்பெல்லாம் ஐந்து பேரும் பின்னால் இடித்துக்கொண்டு உட்காருவோம். அன்று நான் மட்டும் போனேன். டிரைவர் பக்கத்து சீட்டே கிடைத்தது; பென்டிரைவைச் செருகிவிட்டு உட்கார்ந்தேன்.

இந்த ஜீப்பில்தான் போன மழைக்காலத்தில் ஒலிப்பதிவும் நடந்தது. அப்போது வண்டிக்கு கியர் பாக்ஸ் கோளாறு. இரண்டாவது கியரில் ஏறும்போது அடிவயிற்றிலிருந்து ஊளையிடும். அந்த ஊளைக்கு மேல் நான் பதினொரு வரி வாசித்தேன். அப்புறம் டிரைவர் நகையை அடகு வைத்து கியர் பாக்ஸை மாற்றிவிட்டார்.

மூன்றாவது வளைவில் மூன்றாவது பாட்டு தொடங்கியது. டிரைவர் முகம் வெளுத்தது. ஓரம் கட்டினார்.

"மறுபடியும் அதே சத்தம். இன்னாடா இது, முழுசா மாத்தினேனே."

இன்ஜினை அணைத்து, இறங்கி பானட்டைத் தூக்கினார். பாட்டுதான் அது என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எல்லாரும் இறங்கினார்கள். அணைந்த வண்டிக்குள் இன்ஜின் ஏறிக்கொண்டே இருந்தது. மலை முழுக்க அமைதி, அதற்குள் அந்தப் பழைய ஊளை. டிரைவர் பானட்டுக்குள்ளிருந்து தலையை எடுத்து, ஸ்பீக்கரைப் பார்த்து, என்னைப் பார்த்தார்.

"என் வண்டி சீக்கா கெடந்தத புடிச்சிகினு போய்ப் பாட்டாக்கிட்டீங்களா? நான் சாவறப்பவும் மைக்க நீட்டுவீங்க போல."

எல்லாரும் சிரித்த சிரிப்பு அடங்கவும் ஸ்பீக்கரில் அது வந்தது. யாரோ ஆழமாக மூச்சை இழுக்கும் சத்தம். வரியை வெட்டியவர்கள் அதற்கு முன் நான் இழுத்த மூச்சை வெட்டாமல் விட்டிருந்தார்கள். அதற்குப் பின் ஊளைதான். கொஞ்சம் கழித்து இன்னொரு மூச்சு.

சாமை மூட்டையோடு வந்த அம்மா ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். "யாரோ பேச வராரு. வந்து வந்து நின்னுடறாரு."

"இவருதாம்மா அது," என்றார் டிரைவர்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "இன்னாங்க சொல்ல வந்தீங்க?"

பதினொரு வரியும் நாக்கு நுனியில் இருந்தன. மூச்சை இழுத்தேன். அதே நேரம் ஸ்பீக்கரிலும் நான் இழுத்தேன். எங்களைச் சுற்றி நின்றவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள், எனக்காகவா பாட்டுக்காகவா என்று தெரியவில்லை.

"மறந்துபோச்சுங்க," என்றேன்.

வண்டி கிளம்பியது. யாரும் மாற்றச் சொல்லவில்லை. எட்டும் முடிந்ததும் டிரைவர் தானாகவே அந்த மூன்றாவதைத் திரும்பப் போட்டார். மேலே சேரும்வரை, மூச்சு வரும் இடங்களில் அந்த அம்மா என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வெள்ளிமலையில் எல்லாரும் இறங்கிப் போன பிறகு, சிக்னல் கிடைக்கும் மூலையைத் தேடி நின்று கிடார்காரருக்கு எழுதினேன்: பாட்டு பாஸ். ஒருத்தரும் வேற போடச் சொல்லல. வரி இல்லாம இருக்கிறதுதான் சரி.

அந்த அம்மா கேட்டதை எழுதவில்லை. அதை நானே வைத்துக்கொண்டேன்.