கல்பாசி ஒரு கைப்பிடி

அரியலூர் ஸ்டேஷன் ரோட்டில் என் கணவரின் அண்ணன் நடத்தும் பிரியாணிக் கடையில் மூன்று வருடம் ஆக்கிப் போட்டவள் நான். கட்டடம் அவருடையது, கைப்பக்குவம் என்னுடையது, லாபம் பாதிப்பாதி என்று பேச்சு. கடை நன்றாக ஓட ஆரம்பித்ததும் ஒருநாள் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "நாளையிலேர்ந்து நீ வர வேணாம்மா. சோறாக்க ஊர்ல வேற ஆளா இல்ல?"

கரண்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தேன். "அண்ணன்தானே, விடு" என்றார் என் கணவர். அவரையும் சேர்த்துத் திட்டினேன்.

பெரம்பலூரில் தாவரவியல் படிக்கும் மகள் அந்த வாரம் வந்திருந்தாள். நான் மசாலாவுக்குக் கல்பாசி ஆய்ந்துகொண்டிருந்தேன். காய்ந்த மரப்பட்டை போலக் கருப்பாய்ச் சுருண்டு கிடக்கும்.

"அம்மா, இது வெறும் பாசி இல்ல. பூஞ்சையும் பாசியும் கூட்டு. பூஞ்சை வூடு கட்டி ஈரம் காக்கும். உள்ள இருக்குற பாசி வெயில வச்சு சோறாக்கும். அதுல பூஞ்சையும் திங்கும்."

"பிரிச்சு வுட்டா?"

"பாசி எப்புடியாவது பொழச்சுக்கும். பூஞ்சைதான் தனியா தாக்குப்பிடிக்கிறது கஷ்டம்."

அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது. மறுநாளே வீட்டு வாசலில் அடுப்பை வைத்தேன். சிமெண்ட் ஆலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் பொட்டலம் வாங்கிப் போனார்கள்.

ஒரு மாதம் கழித்துக் கணவரின் அண்ணனே போன் செய்தார். எறையூரில் ஒரு காதுகுத்துக்கு ஆர்டராம். புது மாஸ்டர் கையில் பழைய மணம் வரவில்லையாம். நல்லா இருக்கியா என்று ஒரு வார்த்தை இல்லை.

"அந்தக் கருப்புப் பட்டை, அதான் கல்பாசி, அண்டாவுக்கு எவ்ளோ போடுவ?"

சிட்டிகை கூடினாலே கசந்துவிடும் சாமான் அது.

"கைப்பிடி கைப்பிடியா அள்ளிப் போடுங்க மாமா" என்றேன். கசக்கும், ஆளைக் கொல்லாது. எனக்கு அது போதும்.

காதுகுத்து அன்று தாய்மாமன் வீட்டார் முதல் வாயிலேயே இலையை மூடிவிட்டார்களாம். சாயங்காலமே மாமா என் வாசலில் வந்து நின்றார்.

"கைப்பிடின்னியேம்மா!"

"என் கைக்கு அது சரியா இருக்கும் மாமா. உங்க ஆளு கை எப்படின்னு எனக்கு என்ன தெரியும்?"

பிறகு குரலைத் தாழ்த்தி, "நாளைக்குக் கடைக்கு வந்துடு" என்றார்.

"ஏன் மாமா, சோறாக்க ஊர்ல வேற ஆளா இல்ல?"

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தவில்லை. அவர் திரும்பிப் போவதைப் பார்க்க வேண்டுமே.