கத்தி வந்த கல்யாணம்

யுத்த காலத்து ரேஷன் பெட்ரோலில் கோயிலுக்கு வந்த தும்பிக்குளம் ஜமீன் பெரிய ராணியின் கார், வேளச்சேரி ஏரிக்கரைச் சேற்றில் சிக்கிக்கொண்டது. அது கருணாம்பாளின் யோகம் என்று ஊர் சொன்னது. யோகமாவது மண்ணாங்கட்டியாவது! கரையில் கைகட்டி நின்ற ஆண்பிள்ளைகளைப் பார்த்து, "இன்னா வேடிக்கை பாத்துக்கினு நிக்கிறீங்க? எறங்கித் தள்ளுங்க" என்று அவள் போட்ட அதட்டல்தான் காரணம். பதினேழு வயதுப் பெண்ணின் சொல்லுக்குத் தடித்தடியான ஆட்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கியதை ராணி காருக்குள்ளிருந்து பார்த்தாள். குலம் விசாரித்தாள், ஒரே குலம். ஜாதகமும் பொருந்திற்று. தன் மகன் சின்ன ராஜாவுக்கு இவள்தான் என்று முடிவு கட்டிவிட்டாள்.

"ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க" என்று பக்கத்து வீட்டுக்காரிகள் முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டார்கள். கருணாம்பாள் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆழ்வார்பேட்டையில் இருந்த ஜமீன் பங்களாவுக்கு வண்டி ஏறினாள்.

அங்கே ஒரு வருஷம் படிப்பு. சாந்தோமிலிருந்து ஃப்ளோரன்ஸ் டீச்சர் வந்து இங்கிலீஷும் முள்கரண்டி பிடிக்கவும் சொல்லிக்கொடுத்தாள். மற்றதெல்லாம் பெரிய ராணியே. பல் தெரியச் சிரிக்காதே. தணிந்து பேசு, ஆனால் சொன்னதை இரண்டாம் தரம் சொல்லாதே. முதலில் கருணாம்பாளுக்கு அழுகையாக வந்தது; நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போயிற்று. போகப் போக, சமையற்காரர்கள் அவள் புருவத்தைப் பார்த்தே ரசத்தை மாற்றினார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. பிடிக்காமல் என்ன?

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது தும்பிக்குளத்திலிருந்து ஜமீன் காரியஸ்தர் வந்து சேர்ந்தார். மாப்பிள்ளை வரவில்லை, பட்டில் சுற்றிய கத்திதான் வந்திருந்தது. அதை மணையில் வைத்துப் பக்கத்தில் பெண்ணை உட்காரவைப்பார்கள். ராஜாவின் அக்காள் தாலி முடிவாள். ஏழை வீட்டுப் பெண் என்றால் அந்த ஜமீனில் அதுதான் வழக்கம். ராஜா தன் கையால் தாலி கட்டுவது அரண்மனைப் பெண்களுக்கு மட்டுமாம்.

கல்யாணத்துக்கு வந்திருந்த கருணாம்பாளின் அப்பா கத்தியைக் கும்பிட்ட கையை இறக்கவில்லை. "ஒத்துக்கோம்மா. திரும்பி வந்தா ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும் நைனா. வாய் வலிச்சா மூடிக்குவாங்க." காரியஸ்தரிடம் திரும்பினாள். குரல் உயரவில்லை. "கட்டிக்கப் போறவரை வரச் சொல்லுங்க. முடியாதுன்னா நான் வேளச்சேரிக்கே போறேன்."

"சேத்துல கிடந்தவளைப் படிக்கவச்சதுக்கு இதுவா மரியாதை?" என்று கேட்டுவிட்டு, காரியஸ்தர் பெரிய ராணியைப் பார்த்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தபடி கருணாம்பாளும் பார்த்தாள். ஆனால் சொன்னதை மாற்றுகிற எண்ணம் அவளுக்கு இல்லை.

ராணி கத்தியின் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எங்க வீட்டுக்கும் இதே கத்திதான் வந்துச்சு" என்றாள். "கும்பிடுன்னு அப்பா சொன்னார். கும்பிட்டேன்."

கத்தியைக் காரியஸ்தர் பக்கம் தள்ளினாள்.

"என் பையனுக்குத் தந்தி குடும்" என்றாள் காரியஸ்தரிடம். "அவன் வந்தாத்தான் கல்யாணம். வரலேன்னா பொண்ணு இல்லை."

சின்ன ராஜா அடித்துப் பிடித்துக்கொண்டு ரயிலேறி வந்தார். அவர் தன் கையால் தாலி கட்டியபோது, கெட்டிமேளத்தையும் மீறி அழுத குரல் பெரிய ராணியுடையது.