சாம்பல் நிறத்தில் ஒரு மல்லிக்காடு

எங்கள் பக்கத்தில் விளைந்ததை விளைந்தது என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. களத்தில் அம்பாரமாகக் குவிந்து கிடக்கும். வழியில் போகிறவர் கேட்பார், "என்னப்பா, எப்படி?" குவியலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு பதில் வரும்: "ஏதோ கெடக்கு." கேட்டவருக்குப் புரிந்துவிடும். அவர் களத்திலும் அப்படித்தான் ஏதோ கிடக்கிறது. வெளியே சொன்னால் கண் பட்டுவிடும். அடுத்த மழை அப்படியே ஊரைத் தாண்டிப் போய்விடும். வானத்தைப் பார்த்து விதைக்கிறவர்கள் வாயை அடக்கித்தான் வைத்திருப்பார்கள்.

எனக்கு மதுரையில் ஓர் ஆய்வு நிலையத்தில் வேலை. எந்த ஊர் எந்தப் பக்கம் வீங்கும், புது ரோடு எதையெல்லாம் இழுத்துக்கொண்டு வரும், எந்த நிலம் வீடாகும், எது ஆலையாகும், எது வெள்ளாமைக்கென்றே இருக்கும் என்றெல்லாம் ஆராய்ந்து, வரைபடத்தில் நிறம் பூசி, திட்டம் போடுகிறவர்களுக்குக் கொடுக்கிற இடம் அது. நான் நிறம் பூசுகிறவள் இல்லை. அவர்கள் ஆங்கிலத்தில் எழுதுவதைத் தமிழாக்குகிறவள், ஊரார் தமிழில் பேசுவதைக் குறித்துக்கொள்கிறவள். இந்த வயதிலும் ஒரு நாற்காலியில் நிலையாக உட்கார முடியாதவள். ஜன்னலுக்கும் மேஜைக்கும் நடந்து நடந்தே பாதி வாக்கியங்கள் எனக்கு அமைந்திருக்கின்றன.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தை எடுத்தபோது எனக்குள் ஏதோ இடறியது. பரளச்சிப் பக்கத்தில்தான் அக்காவைக் கட்டிக் கொடுத்திருக்கிறது. அத்தானுக்கு அங்கே கரிசல் புஞ்சை. கொத்தமல்லி விதைப்பார், எங்களுக்கு அது வெறும் மல்லி. ஊடே உளுந்து. வரைபடத்தில் அந்தப் புஞ்சைக்குப் பச்சை விழுந்தால் அது புஞ்சையாகவே இருக்கும். சாம்பல் விழுந்தால் விளையாத நிலம் என்று அர்த்தம், ஆலைகளுக்கு ஒதுக்கலாம். அதை விட்டால் அவர்கள் இருவருக்கும் வேறு பிழைப்பு இல்லை.

பங்குனியில் வீடு வீடாகக் கேள்வி கேட்கப் போனோம். ஆபீஸ் காலண்டருக்கு ஐப்பசி விதைப்பு தெரியாது. தையும் மாசியும் அறுத்து முடித்து, புஞ்சைக்காடு முழுக்க வெடிப்பு விட்டு, காற்றை மறிக்க ஒரு பயிர்த்தாள்கூட இல்லாமல் கிடக்கும் மாதம் பங்குனி. கருப்பு, கருப்பு, கண்ணுக்கு எட்டிய மட்டும் கருப்பு. பயிர் நிற்கிற மார்கழியில் இதே இடத்தைப் பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் பச்சையை எடுத்திருப்பார்கள்.

கேள்வி கேட்க வந்தவள் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண். மரியாதையானவள். அக்கா வீட்டில் சுவரோடு அடுக்கியிருந்த மல்லி மூட்டைகளில் சாய்ந்துதான் உட்கார்ந்தாள். வேறு இடமில்லை.

"போன பருவத்துல என்னங்க விளைஞ்சுது?"

அத்தான் துண்டை உதறித் தோளில் போட்டார். "என்னத்தம்மா வெளஞ்சது. போட்ட வெத வீடு வந்து சேரல."

மல்லி நெடி ஏறி அவளுக்குத் தும்மல் வந்தது. தும்மிக்கொண்டே கையிலிருந்த கருவியில் தட்டினாள். அடுப்படியிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள்: "மண்ணுதேன் வெளஞ்சுச்சு. எழுதிக்க தாயி."

வாசலுக்கு வந்ததும் அத்தானைப் பிடித்தேன். "ஏன் அத்தான் இப்படி?"

"முன்னப்பின்ன தெரியாத புள்ளகிட்ட மூட்டையக் காமிச்சுக் கொண்டாடச் சொல்றியா? மருதைக்குப் போயி ரொம்பத்தான் வெவரமாயிட்ட."

அந்தப் பெண் அடுத்த வீட்டுக்குப் போகும்போது என்னிடம் மெல்லச் சொன்னாள்: "எனக்கும் மூட்டை தெரிஞ்சுதுங்க அக்கா. அவங்க சொன்னதைத்தான் போட முடியும். கண்ணுல பட்டதைப் போட இதுல இடமே இல்லைங்க."

அடுத்த வீட்டிலும் அதே பதில். அதற்கடுத்த வீட்டிலும். ஊர் முழுக்க ஒரே குரலில் ஒன்றும் விளையவில்லை.

சித்திரை வெயிலில் வரைபடம் வந்தது. பரளச்சியைச் சுற்றி ஒரே சாம்பல். அக்காவின் புஞ்சை எங்கே என்று விரலால் தேடினேன். எல்லாம் ஒரே நிறமாக இருந்ததால் தேடி ஒன்றும் ஆகவில்லை. ஆய்வின் தலைவரிடம் போய், எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னேன். நல்ல மனிதர், முழுவதும் கேட்டார். பிறகு சொன்னார்: "பங்குனியில வானத்திலிருந்து எடுத்த படமும் இதைத்தான் சொல்லுது. அவங்களும் இதைத்தான் சொல்றாங்க. நீங்க ஒருத்தர்தான் மாத்திச் சொல்றீங்க, அதுவும் அக்கா வீட்டு நிலத்துக்கு." கொஞ்சம் யோசித்தார். "கருத்துக் கேட்புக் கூட்டம் வருதே. அங்க ஒருத்தர் எழுந்து விளையுதுன்னு சொல்லட்டும். மறுபடி ஆள் அனுப்பிப் பார்க்கச் சொல்றேன்."

அக்கா ஊருக்குப் பஸ் ஏறி, காரியாபட்டியைத் தாண்டுவதற்குள் மனசுக்குள் நாலு தடவை பச்சை பூசிவிட்டேன்.

அக்கா வீட்டில் ஒத்திகை நடந்தது. அக்காதான் அதிகாரி. கட்டிலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, "சொல்லுங்க, என்ன வெளஞ்சது?" என்றாள்.

"ஏதோ..." என்றார் அத்தான்.

"ஏதோவா? இந்தாளுக்கு ஆலையக் கட்டுங்கப்பா."

"சும்மா இருடி." கதவைச் சாத்திவிட்டு வந்தார். ஜன்னலையும் சாத்தினார். தொண்டையைச் செருமி, பக்கத்து வீட்டில் திருடப் போகிறவரைப் போல மெதுவாகச் சொன்னார்: "மல்லி நல்லா வெளஞ்சது."

சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை. எழுந்து போய் உப்பும் வத்தலும் எடுத்து வந்து அவருக்குச் சுற்றி அடுப்பில் போட்டாள். "வெளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்ச பேச வைக்கிற?" என்று என்னைத்தான் திட்டினாள்.

கூட்டம் அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில். மேடையில் வரைபடத்தை விரித்துத் தொங்கவிட்டிருந்தார்கள், மாப்பிள்ளை பெண் உட்காருகிற இடத்தில். பேசுகிறவர்களின் பேச்சைக் குறிக்க ஓரத்தில் எனக்கு ஒரு மேஜை. நான் அந்த ஆய்வின் ஆள், அங்கே வாய் திறக்கக் கூடாது.

அத்தான் வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். முறை வந்ததும் எழுந்தார். நன்றாகவே தொடங்கினார். "நல்ல மண்ணுங்கய்யா. எங்களுக்கு ஆலை வேணாங்கய்யா."

அதிகாரி தன்மையாகக் கேட்டார்: "சரிங்க. போன பருவம் என்ன விளைஞ்சது?"

அத்தான் திரும்பிப் பார்த்தார். பின்வரிசையில் பங்காளிகள், சம்பந்தக்காரர்கள், பக்கத்துப் புஞ்சைக்காரர், மல்லி வாங்குகிற கடைக்காரர். அத்தனை கண்கள். என்னைப் பார்த்தார். நான் பேனாவை இறுகப் பிடித்திருந்தேன். துண்டு தானாகத் தோளிலிருந்து கைக்கு வந்தது, உதறினார்.

"என்னத்தங்கய்யா வெளஞ்சது. போட்ட வெத வீடு வந்து சேரல."

மண்டபமே தலையாட்டியது. ஒரு பங்காளி எழுந்தார்: "அவனுக்காச்சும் வெத மொளச்சுச்சு. எனக்கு அதுவுமில்ல." இன்னொருவர், "ஏலே, ஒனக்குப் போடுறதுக்கு வெதையாச்சும் இருந்துச்சுல்ல?" என்று அவரை மிஞ்சினார். ஆளுக்கு ஆள் எழுந்து தங்கள் தரித்திரத்தைச் சொன்னார்கள். கல்யாண வீட்டில் மொய் வைப்பது போலப் போட்டி.

அதிகாரி காத்திருந்து கேட்டார்: "ஒண்ணும் விளையாத நிலத்தை வச்சுக்கிட்டு என்னங்கய்யா செய்யப் போறீங்க?"

எழுந்து நின்றவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். அத்தானும் உட்கார்ந்தார். அவர் சொன்னதை நான் எழுத வேண்டும். எழுதினேன், என் கையால், நல்ல தமிழில்: விளைச்சல் இல்லை.

பஸ் அருப்புக்கோட்டையைத் தாண்டியது. பிறகு அத்தான் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "வாய் வரைக்கும் வந்துச்சு தாயி. அத்தன பேரு முன்னாடி எப்படிச் சொல்றது?"

அக்கா அவர் கையைத் தட்டிக் கொடுத்தாள். "விடுங்க. சொல்லியிருந்தா வர்ற மழையும் வராது." அவள் கேலியாகச் சொன்னாளா என்று எனக்கு இன்னும் தெரியாது.

அறிக்கை போய்விட்டது. தமிழ்ப் பகுதி முழுக்க நான் எழுதியது. நிலத்தைக் கேட்டு இன்னும் யாரும் வரவில்லை. வந்தால் காட்டுவதற்கு அந்தச் சாம்பல் இருக்கிறது.

ஐப்பசியில் ஒருநாள் மதுரையில் மழை கொட்டியது. ஜன்னலுக்கும் மேஜைக்கும் நடந்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன். அங்கேயும் மழையாம், மல்லி போட்டு நாளாகிறதாம். போனில் ஓட்டுத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"மொளச்சிருக்கா?" என்றேன்.

அக்காவுக்குப் பின்னால் அத்தான் யாரையோ சத்தம் போட்டு, ஆட்டைக் காட்டுப் பக்கம் விடாதே என்று விரட்டிக்கொண்டிருந்தார்.

"ஏதோ மொளச்சிருக்குடி," என்றாள் அக்கா.