சுண்ணாம்பு போடாத ஆரத்தி

அறுபதுகளின் கடைசியில் திருவொற்றியூர் தொழிற்சாலை ஒன்றின் சோதனைக்கூடத்தில் எடுபிடியாக இருந்தேன். வெளியே மட்டும் ‘லேப்ல கீறேன்’ என்று பீற்றிக்கொள்வேன். எங்கள் பிரிவில் அமிலம்தான் எதிரி, குழாயை அரித்துவிடும். அதனால் என்னிடம் கொடுத்தது நீல லிட்மஸ் தாள் மட்டும். தண்ணீரில் நனைத்துச் சிவந்தால் அமிலம், சிவக்காவிட்டால் கவலையில்லை. எனக்குத் தெரிந்த வேதியியல் அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு ஊருக்கே ஞானம் சொன்னேன், வெட்கங்கெட்டவன்.

அக்கா பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை. நாற்பது நாள்கூட ஆகவில்லை. ஒருநாள் காலையில் குழந்தையைக் குளிப்பாட்ட உட்கார்ந்தவள் கத்தினாள்.

“டேய், இங்க வந்து பாரு! கெணத்துத் தண்ணி பட்டதும் மஞ்சள் செவந்துபோச்சு. சுண்ணாம்பே போடல, ஆரத்தி கரைச்சா மாதிரி கீது.”

“சோப்பு பட்டிருக்கும்க்கா.”

“சோப்ப நான் தொடவேயில்ல. தண்ணியே வழவழன்னு கீதுடா. கொயந்த மேல ஊத்த பயமா கீது.”

நான் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து அண்டாவில் நனைத்தேன். நீலம் நீலமாகவே இருந்தது.

“பாத்தியா? ஆசிட் இல்ல. ஒண்ணியும் ஆவாது, ஊத்து.”

அக்கா தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “நீ படிச்சவன். நீ சொன்னா செரி” என்று ஊற்றினாள்.

ஒரே வாரத்தில் குழந்தையின் கழுத்து மடிப்பிலும் தொடையிலும் தோல் உரிந்தது. வேர்க்குரு என்றேன். கண் வீங்கித் திறக்க முடியாமல் போனபோதுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

மறுநாள் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துப்போய் எங்கள் கெமிஸ்ட்டிடம் நீட்டினேன். அவர் சிவப்புத் தாளை நனைத்தார். பளிச்சென்று நீலமானது. “இது காரம்யா. நீலத் தாள்ல எப்படித் தெரியும்?” என்றார். சுண்ணாம்பும் காரம்தான், அதனால்தான் ஆரத்தியில் மஞ்சள் சிவக்கிறது என்று அவர் சொன்னபோது எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. என் தாளுக்குத் தெரியாதது அக்காவின் மஞ்சளுக்குத் தெரிந்திருக்கிறது. காரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கவே வேண்டாம். கிணற்றுக்குப் பின்னால் மதில், மதிலுக்கு அந்தப்பக்கம் எங்கள் தொழிற்சாலையின் காஸ்டிக் சோடாக் கழிவு ஓடும் மண் கால்வாய்.

“வெளியில உளறாதே, வேலை போயிடும்” என்றார் கெமிஸ்ட். நான் உளறவில்லை. வீட்டில் மட்டும் அந்தக் கிணற்றைத் தொடாதீர்கள் என்றேன். தெருக்குழாயில் வரிசையில் நின்று தண்ணீர் பிடித்தோம். பக்கத்து வீடுகளில் கிணற்று ராட்டினம் சுற்றும் சத்தம் தினமும் காதில் விழும். கேட்காதவன்போல் வேலைக்குப் போவேன். கோழைப்பயல்.

இருபது நாள் கழித்துக் குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியது. உயிர் தப்பியது. ஆனால் வலது கண்ணில் வெள்ளையாக ஒரு பொட்டு தங்கிவிட்டது. அக்கா குழந்தையோடு வாசலில் நின்றாள். எதிர்வீட்டு அம்மா இடுப்பில் தன் கைக்குழந்தையோடு ஆரத்தித் தட்டு கொண்டுவந்தாள்.

“சுண்ணாம்பு டப்பா ஆப்புடல. ஆனா பாரேன், கெணத்துத் தண்ணில மஞ்சளைப் போட்டதும் தன்னால செவந்துடுச்சு. அம்மன் மனசு வச்சிட்டா!” என்று சிரித்தாள்.

அவள் இடுப்பிலிருந்த குழந்தையின் கழுத்தில் தோல் உரிந்திருந்தது.

அக்கா தட்டைப் பார்க்கவில்லை. அந்தக் கழுத்தையே பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“இவங்களாண்ட நீ சொல்லவேயில்லையாடா?”