இருட்டில் போட்ட எட்டு

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து வடகோடியில், பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்தே பாதி ஆயுளைக் கழித்தவள் வெர்னா. மீதிப் பாதி ஏரியில், கணவன் ஆர்லனோடு.

போன குளிர்காலத்தில் பக்கவாதம் ஆர்லனின் வலது கையை முடக்கிப் போட்டது. அதன்பின் அவன் ஏரிப் பக்கமே திரும்பவில்லை. படகை விற்கவும் பேசி முடித்துவிட்டான். காலையில் ஆள் வரும். படகு போனால் மனுஷன் நாற்காலியோடு முடங்கிவிடுவான் என்பது வெர்னாவின் பயம்.

"இன்னைக்கு ஒரு ராத்திரி வா. ஒரு மஸ்கி மீன் கைவலைக்குள்ள வந்தா படகு நம்மகிட்டயே இருக்கும். இல்லைன்னா வாயே திறக்க மாட்டேன்," என்றாள்.

நிலா இல்லாத செப்டம்பர் இரவு. வெர்னா தூண்டிலை வீசினாள். மரத்தில் செய்த பொய்மீன் சளப் சளப்பென்று நீந்தி வந்தது. ஆள் நீளம் வளரும் வேட்டை மீனான மஸ்கி சட்டென்று கவ்வாது. படகு வரை பின்னாலேயே வரும். இருட்டில் அது கண்ணுக்கும் தெரியாது. அதனால் ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் தூண்டில் கோலின் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, பெரிதாக ஓர் எட்டுப் போட வேண்டும்; அந்தத் திருப்பத்தில்தான் அது கவ்வும்.

பாதி வழியில் மீன் பாய்ந்து தண்ணீர் வெடித்தது. வெர்னா வெடுக்கென்று இழுத்தாள். பொய்மீன் பறந்து வந்து ஆர்லனின் தொப்பியில் மாட்டியது.

"சத்தத்துக்கு இழுக்காதே, கனத்துக்கு இழுன்னு கல்யாணத்துலேருந்து கத்தறேன்! நல்ல தொப்பியாப் பிடிச்சிருக்கே, அளந்து பாரு."

மாதக்கணக்கில் அவன் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

"வாய் மட்டும் குறையல. எட்டை நீ போடேன்."

அடுத்த வீச்சைப் படகருகே கொண்டுவந்து, கோலை அவன் இடது கையில் திணித்தாள். முதல் சுற்று கோணியது. இரண்டாவதில் தண்ணீர் சிதறியது. அவன் அசையவில்லை. கோல் கனத்து வளைந்த பிறகே உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்தான்.

"வலை, வெர்னா, வலை!"

வெர்னா போட்ட விளக்கொளியில் பச்சை விலா ஒன்று புரண்டது. அவள் நீட்டிய கைவலையின் விளிம்பில் இடித்தது. ஒரே உதறல், போய்விட்டது.

வெர்னா பலகையில் உட்கார்ந்தாள். "தோத்துட்டேன்."

ஆர்லன் இடது கையை உதறிக்கொண்டான். "காலையில அந்த ஆளுக்குப் போன் போட்டு, வர வேண்டாம்னு சொல்லு."

"வலைக்குள்ள வரலையே?"

"வலை பிடிச்சவ சரியில்ல. அதுக்குப் படகு என்ன பண்ணும்?"

வெர்னா அவசரமாக விளக்கை அணைத்தாள்.

"மூக்கை உறிஞ்சினது போதும்," என்றது இருட்டு. "வீசு."