அடைக்கக் கூடாத இடுக்கு

எங்கள் ஊர்ப் பல் மருத்துவர் மெகர் டாக்டர் இறந்த செய்தியை அவருடைய கணவர் காலையில் செல்போனில் சொன்னார். பிளாஸ்டர் மாவு அப்பிய கையோடு கேட்டேன். மறுவாரம் இரங்கல் கூட்டத்தில் பேசிய வேறொரு பல் மருத்துவர், பல்லை நேராக்க மாட்டும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தட்டுகளை டாக்டர் சென்னையிலிருந்து வரவழைத்தார் என்றார். தவறு. அவற்றைச் செய்தவன் நான். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளுக்கு அச்செடுப்பவன். பல் வேலையை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அவரை அறிந்தவர்கள் இதையும் அறிய வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் நான் டாக்டரின் கிளினிக்கில் இருந்தபோது கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து ஓர் ஆசிரியை வந்திருந்தார். கோரைப்பல் ஒன்று பக்கவாட்டில் திரும்பி நின்றது. எட்டு மாதத்தில் கல்யாணம். “மேடையில கம்பியோட நிக்க மாட்டேன் டாக்டர்” என்றார்.

“தட்டே போதும் டாக்டரம்மா” என்றேன் நான்.

“தட்டு தள்ளும்ணே, இவ்ளோ திருப்பாது. மொதல்ல கம்பி திருப்பட்டும். கல்யாணத்துக்கு முன்னாடி கழட்டிடுறேன். மிச்சத்த உங்க தட்டு பாத்துக்கும்.”

என் வேலை மிச்சமா? அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை.

கம்பி பல்லைத் திருப்பியது. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அதைக் கழற்றினார். பல்லின் பிளாஸ்டர் அச்சு மேல் பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கிப் படியவைத்து, தட்டு செய்துகொடுத்தேன். ஆசிரியை அதை மாட்டிக்கொண்டு வாயைத் திறந்ததும் தட்டு நாக்கில் விழுந்தது.

“பல்லு பழையபடி திரும்பிக்குமா?” என்று அழுதேவிட்டார்.

டாக்டர் என் அச்சைத் தடவிப் பார்த்தார். “ஈறு ஓரத்து இடுக்கையெல்லாம் ஏண்ணே மெழுகு வச்சு அடைச்சீங்க?”

“அடைக்கலன்னா மாட்டிக்குமே! பொம்ம அச்சுலேர்ந்து கழண்டு வர வேணாமா?”

“மாட்டணும்ணே! இது பல்லு. கழண்டு வரதுக்கு இதென்ன பொம்மையா?” என்று சிரித்தார். அழுதுகொண்டிருந்தவரும் சிரித்தார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் டாக்டரே புதிதாக எடுத்த பல் அளவோடு என் கொட்டகைக்கு வந்தார். பிளாஸ்டர் மூட்டை மேல் உட்கார்ந்தார். “கோவத்த அப்பறம் வச்சுக்கங்க. அந்தப் பொண்ணுக்கு ஒம்போது நாள்தான் இருக்குது. நீங்க செய்யாம நான் போக மாட்டேன்.”

மறுபடி செய்தேன். இடுக்குகளை அடைக்காமல் விட்டுவிட்டேன். இந்தத் தட்டு சட்டென்று கவ்வியது. பல் நின்ற இடத்தில் நின்றது. கல்யாணத்தில் ஆசிரியையின் அப்பாவிடம் டாக்டர், “என் கம்பி பாதி, அண்ணன் தட்டு பாதி” என்றார். மிச்சம் என்று சொல்லவில்லை.

இரங்கல் கூட்டம் முடிந்ததும் டாக்டரின் கணவர் ஒரு பொட்டலம் கொடுத்தார். மெழுகு அடைத்த அந்தப் பழைய அச்சு. டாக்டர் அதைத் தூக்கிப்போடாமல் மேசை இழுப்பறையில் வைத்திருந்திருக்கிறார். இப்போது என் பலகையில் இருக்கிறது.

நோயாளி முன்னால் என்னைப் பார்த்துச் சிரித்தது அவருடைய தவறு. இன்றும் அதைத்தான் சொல்வேன். இடுக்கை அடைத்தது என் தவறு. அதை அவர் உயிரோடு இருந்தபோது நான் சொல்லவில்லை.