அருள் செய்த துவக்கு, நான் செய்த துரோகம்

போன சனிக்கிழமையிலிருந்து நான் ஒரு துரோகி.

நானாகச் சொல்லவில்லை. டென்மார்க்கின் பிராண்டேயில் எங்கள் ஆட்கள் சொல்கிறார்கள். பிரெடெரிசியாவில் இருக்கும் என் தங்கைக்குக்கூடச் செய்தி போய்விட்டது. "அக்கா, ஆரைக் காட்டிக் குடுத்தனீங்கள்?" என்று போனில் கேட்கிறாள்.

நடந்ததைச் சொல்கிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை. வார்த்தைகள் கொஞ்சம் சூடாகத்தான் வரும்.

நானும் என் கணவரும் வேட்டைக்கும் துப்பாக்கிக்கும் அனுமதி எடுத்தவர்கள் என்பது இந்தப் பக்கத்தை வழக்கமாக வாசிப்பவர்களுக்குத் தெரியும். 'துவக்குக்குப் பயந்து ஓடிவந்த நாங்கள் இங்கே வந்து துவக்குத் தூக்குவதா?' என்று திட்டியவர்களும் உண்டு. அவர்களுக்குச் சொல்ல என்னிடம் இன்றுவரை நல்ல பதில் இல்லை.

அருள் என் கணவரோடு வேலை செய்பவர். காற்றாலைக்கு இறக்கை செய்யும் தொழிற்சாலை. அங்கே அருளின் வேலை தரம் பார்ப்பது... மற்றவர்கள் செய்த இறக்கையில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்.

அவருக்கும் வேட்டையில் ஆசை வந்தது. எங்களைப்போல் கடையில் வாங்கவில்லை. குழல் ஓரிடம், தோளில் அணைக்கும் கட்டை ஓரிடம், விசை இன்னோரிடம் என்று வாங்கி, தானே ஓர் அரைத் தானியங்கித் துவக்கைக் கட்டினார். ஒரு தடவை சுட்டதும் அடுத்த குண்டு தானாக ஏறிக்கொள்ளும் வகை அது. துவக்குத் திருத்துபவரிடம் காட்டி, பொலிஸ் அனுமதியெல்லாம் முறையாக எடுத்தார். அதில் குறை சொல்லமாட்டேன்.

"கடையில நல்லதா விக்கிறாங்கள்தானே, அருள்?" என்று ஒருநாள் எங்கள் வீட்டில் கேட்டேன்.

"அது ஆறடி டெனிஷ்காரனுக்குச் செய்தது அக்கா. என்ரை தோளில நிக்காது."

உண்மைதான். அருள் என்னைவிடக் கொஞ்சம்தான் உயரம்.

"கட்டையைக் குறுக்கினால் சரி. என்ரையையும் அப்பிடித்தான் குறுக்கினது."

"குறுக்கினாலும் அது ஆரோ செய்த துவக்கு. இது என்ரை."

அந்தக் குரலில் இருந்த பெருமை எனக்குப் பிடித்திருந்தது. அதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும் அல்லவா?

சனிக்கிழமை காலை மூவரும் சுட்டுப் பழகும் சுடுதளத்துக்குப் போனோம். பக்கத்துப் பக்கத்து இடம். அருள் குண்டுகளைப் போட்டார். முதல் குண்டு ஏறுவதற்காகத் துவக்கின் பூட்டை இழுத்து விட்டார். அவ்வளவுதான்... வெடித்தது.

அவர் விரல் விசையில் இல்லை. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். குழல் சற்றே தாழ்ந்திருந்ததால் குண்டு சீமெந்துத் தரையில் பட்டது. தெறித்த சில்லு என் கணவரின் காற்சட்டையைக் கிழித்துக்கொண்டு முழங்காலுக்குக் கீழே வெட்டியது.

சுடுதளப் பொறுப்பாளர் கிர்ஸ்டன் என்ற டெனிஷ்காரி ஓடிவந்தார். எல்லாரையும் நிறுத்தச் சொன்னார். என்ன நடந்தது என்று கேட்டார்.

என் கணவர் முந்திக்கொண்டார். "ஒன்றுமில்லை. இவருடைய விரல் தவறுதலாக விசையில் பட்டுவிட்டது" என்றார் டெனிஷில்.

விரல் தவறியது என்றால் ஓர் ஏச்சோடு போய்விடும். துவக்கே பிழை என்றால் அதைப் பறித்துப் பரிசோதிப்பார்கள். அது எங்கள் மூவருக்கும் தெரியும். அடுத்த வாரம் காட்டில் ஆட்கள் வரிசையாக நின்று வேட்டையாடும் நாள். அருள் அங்கே இந்தத் துவக்கோடு போகவிருந்தார். அதுவும் தெரியும்.

கிர்ஸ்டன் என்னைப் பார்த்தார். "நீங்கள் பார்த்தீர்களா?"

"பேசாம இரும்" என்றார் கணவர் தமிழில்.

பேசினேன். "விரல் விசையில் இல்லை. துவக்கு தானாகவே வெடித்தது."

"கடைசியாகத் துவக்குத் திருத்துபவர் பார்த்த பிறகு இதில் கை வைத்தீர்களா?" என்று அருளிடம் கேட்டார் கிர்ஸ்டன்.

அருள் சொன்னார்: "மெதுவாக இழுத்தாலே சுடட்டும் என்று விசையைக் கொஞ்சம் இலகுவாக்கினேன்."

துவக்கு பெட்டிக்குள் போய்ப் பூட்டுப்பட்டது. பொலிசுக்குத் தகவல் போனது.

கார் நிற்பாட்டும் இடத்தில் அருள் என்னைப் பிடித்துக்கொண்டார். "தனியா எனக்குச் சொல்லியிருக்கலாமே அக்கா. வெள்ளைக்காரிக்கு முன்னாலை காட்டிக் குடுத்திட்டியள்."

"அருள், தொழிற்சாலையில இறக்கை செய்த ஆளே வந்து 'நான் பாத்திட்டன், சரி' எண்டால் விடுவீரோ?"

"அது வேறை."

"என்ன வேறை?"

அருள் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தொழிற்சாலைத் துவக்கு பிழைக்காது என்று நான் சொல்லவில்லை. சொந்தமாகக் கட்டுவதும் குற்றமில்லை. எங்கள் சங்கத்திலேயே அப்படிக் கட்டிய டெனிஷ்காரர் ஒருவர் இருக்கிறார். ஒரு திருகாணியை மாற்றினாலும் முணுமுணுத்துக்கொண்டே திருத்துபவரிடம் கொண்டுபோவார். தொழிற்சாலையில் செய்கிறவர் ஒருவர், பார்க்கிறவர் இன்னொருவர். வீட்டுக் கராஜில்? இரண்டும் ஒரே ஆள். அந்த ஆளுக்குத் தன் துவக்கின்மேல் காதல் வேறு. குற்றம் கண்ணில் படுமா?

வீட்டுக்கு வரும்வழியில் கணவர் சொன்னார்: "ஒண்டும் நடக்கேல்லைத்தானே. ஏன் இவ்வளவு கோவம்?"

அவர் சப்பாத்துக்குள் ரத்தம். ஒன்றும் நடக்கவில்லையாம்.

காட்டிக் கொடுத்தல்... எங்கள் ஊரில் போர்க்காலத்தில் அந்தச் சொல்லுக்காக மனிதர்கள் செத்திருக்கிறார்கள். அதைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து, பிழையான ஒரு விசையை மறைக்கவா பாவிப்பது? எனக்குக் கொதிப்பது அங்கேதான்.

நேற்று அருளின் மனைவி நிர்மலா வீட்டுக்கு வந்தார். பரிசோதனை முடிந்துவிட்டதாம். விசை பிடித்து நிற்பதில்லை, ஒரு தட்டுத் தட்டினாலே மறுபடியும் வெடித்திருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் கொடுத்த தேநீரை அவர் குடிக்கவில்லை.

"அந்த வேட்டைக்கு மூத்தவளும் போக இருந்தவள் அக்கா. அப்பாவுக்குப் பக்கத்திலதான் நிப்பன் எண்டு சொல்லிக்கொண்டிருந்தவள்."



என் கணவர் எழுந்துபோய் அருளுக்குப் போன் எடுத்தார். "நான் அண்டைக்குப் பொய் சொன்னனான் அருள். அவ சொன்னதுதான் சரி" என்றார். அருள் போனை வைத்துவிட்டார்.

சொந்தமாகத் துவக்குக் கட்ட விரும்புகிறவர்கள் தாராளமாகக் கட்டுங்கள். கட்டியதை இன்னொருவர் கையில் கொடுத்து 'பிழை பிடி' என்று சொல்ல மனம் வராதென்றால்... தயவுசெய்து கடையில் வாங்குங்கள்.